ஆசீர்வாதம் என்று நினைத்து

எழுந்து நின்றவனுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

இத்தனை பேர் ஒன்றாக எழுந்தால் பிளாஸ்டிக் நாற்காலிகள் சும்மா இருக்காது. இப்போது ஒரு சத்தமும் இல்லை. கீபோர்டு மட்டும் மெல்ல வாசித்துக்கொண்டிருந்தது.

பிரசங்கம் செய்ய வந்திருந்த அண்ணன் ஒலிபெருக்கியில் சொன்னார்.

"எல்லாரும் கண்ண மூடியே இருங்க. ஒரு தம்பி எழும்பி நிக்காங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

யாரப்பா அந்தப் புண்ணியவான் என்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தான்.

கூடம் முழுக்கக் குனிந்த தலைகள். ஒருவரும் நிற்கவில்லை.

திறந்த கண்ணைச் சட்டென்று மூடிக்கொண்டான்.

இந்தத் தம்பியைப் போல, வேறு வேலைக்குப் போகாமல் முழுநேர ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுக்க இன்னும் யாராவது உண்டா என்று அண்ணன் கேட்டார். அப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

வாலிபர் முகாமின் கடைசிக் கூட்டம். வயிறு நிறைய மட்டன் குழம்பும் சோறும். மேலே தகரக் கூரை. கண்ணை மூடு என்றால் மனிதன் என்னதான் செய்வான்? தூங்கிவிட்டான்.

எழுந்து நில்லுங்கள் என்றது மட்டும் காதில் விழுந்தது. அந்தச் சொல் கேட்டால் எழுவது அவனுக்குத் தொட்டில் பழக்கம். ஆராதனை முடியும்போது சர்ச்சில் அப்படித்தான் சொல்வார்கள். எழுந்தால் ஆசீர்வாதம். ஆசீர்வாதம் முடிந்தால் வீடு.

உட்கார்ந்துவிடலாம்.

ஆனால் ஸ்தோத்திரம் சொல்லியாகிவிட்டதே. அதை எப்படித் திருப்பி வாங்குவது?

திங்கட்கிழமை ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குச் சேர வேண்டும். அப்பா தெருவெல்லாம் சொல்லிவிட்டார். அம்மாதான், போகிறதுக்கு முன்னால் ஆண்டவருடைய சித்தம் என்னவென்று கேட்டுவிட்டு வா என்று முகாமுக்கு அனுப்பி வைத்தாள்.

கேட்டான். வந்த நாள் முதல் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். பக்கத்தில் இருந்தவனெல்லாம் அழுதான். ஒருவன் தரிசனம் கண்டதாகச் சொன்னான். இவனுக்கு ஒன்றும் வரவில்லை. தூக்கம்தான் வந்தது.

ஒருவேளை இதுதான் பதிலோ?

சே, தூங்குகிறவனைப் பிடித்து யாராவது கூப்பிடுவார்களா?

கூப்பிட்டிருக்கிறாரே. வேதாகமத்தில் ஒரு சின்னப் பையனைத் தூக்கத்தில்தானே ஆண்டவர் கூப்பிட்டார்.

அவனுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது.

உட்காரலாம் என்று முழங்காலை மடக்கியபோது பக்கத்து நாற்காலி அசைந்தது.

கிளாட்சன் எழுந்து நின்றான்.

ஒரே தெரு, ஒரே வகுப்பு. பேச்சு திக்கும் என்பதால் வகுப்பில் பதில் தெரிந்தாலும் கை தூக்காதவன். கடையில் போய்ப் பரோட்டா கேட்கக்கூட இவனைத்தான் அனுப்புவான். அவனுக்குள் இப்படி ஒன்று இருந்தது இவனுக்கே தெரியாது.

கிளாட்சன் இவன் கையைப் பிடித்தான். உள்ளங்கை நனைந்திருந்தது.

"நீ எந்திரிச்ச பெ... பெறகுதாம்ல எனக்கும் தைரியம் வந்துச்சு."

ஐயோ என்றிருந்தது.

நிற்கிறவர்கள் முன்னால் வரலாம் என்றார் அண்ணன். வேறு யாரும் எழவில்லை. கிளாட்சன் கையை விடவில்லை. இவனும் கூடவே போனான்.

எல்லாரும் கண்ணைத் திறந்துவிட்டார்கள். அண்ணன் முகமெல்லாம் சிரிப்பாக மைக்கை இவனிடம் நீட்டினார். ஆண்டவர் எப்படிப் பேசினார் என்று இரண்டு வார்த்தை சாட்சியாகச் சொல்லச் சொன்னார்.

பொய் சொல்வது அவ்வளவு சுலபம். மூன்று நாளாகக் கேட்ட சாட்சியில் ஒன்றை எடுத்து விட்டால் போதும். அப்பாவைப் பிறகு சமாளித்துக்கொள்ளலாம்.

கிளாட்சனைப் பார்த்தான். அவன் இவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்த முகத்துக்கு எதிரே நின்று பொய் வரவில்லை.

"நான் தூங்கிட்டேண்ணே. ஆசீர்வாதம்னு நெனச்சு எந்திரிச்சிட்டேன்."

கூடமே சிரித்தது. பெண்கள் பக்கத்தில் யாரோ தொடையில் தட்டிச் சிரித்தார்கள். கீபோர்டு நின்றுவிட்டது. அண்ணனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. உண்மையைச் சொன்னதற்கு முதுகில் தட்டிக்கொடுத்து, பரவாயில்லை, போய் உட்காருங்க தம்பி என்றார்.

கிளாட்சனை நிமிர்ந்து பார்க்க இவனுக்குத் துணிவில்லை. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டேனே. இனி அவன் வாயே திறக்கமாட்டான். இவனோடு சேர்ந்து திரும்பி நடப்பான், ஊர் போகும்வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வருவான்.

பிடித்திருந்த கை விலகியது.

கிளாட்சன் மைக்கை இவனிடமிருந்து வாங்கினான்.

சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. அவன் உதடு துடித்தது. முதல் எழுத்திலேயே மாட்டிக்கொண்டான். பின்வரிசையில் ஒருவன் அதற்கும் சிரித்தான். கிளாட்சன் நிறுத்தினான். மூச்சை இழுத்தான். மறுபடியும் தொடங்கினான்.

"நா... நா... நான் முழிச்சிதான் இருந்தேன்."

அதன்பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

அவன் மேலும் பேசினான். ஒவ்வொரு சொல்லாக, திக்கித் திக்கி. அவசரப்படவில்லை. கூடம் காத்திருந்து கேட்டது.

இவனுடைய நாற்காலி காலியாகத்தான் இருந்தது. அண்ணன் கண்ணைக் காட்டினார், போய் உட்காரலாம் என்று.

இவனுக்கும் அது புரிந்தது.

தூக்கம் எப்போதோ போய்விட்டிருந்தது. நின்றுகொண்டிருந்தான்.