கர்னல் கொடுத்த மணி

“அந்தச் சனியனையா பள்ளிக்கூடத்துல மாட்டியிருக்கே?” மிங்கோ கத்தினார்.

டோர்க்கஸ் ஏணியிலிருந்து இறங்கினாள். நேற்றுவரை கர்னல் ஹார்வெலின் பருத்தித் தோட்டத்தில் தொங்கிய மணி அது. அது அடித்ததும் ஓடி வராத அடிமைக்குச் சவுக்கடி விழும்.

அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமைகளுக்கு விடுதலை கிடைத்து இரண்டு வருஷம். அதே ஆட்கள் இப்போது அதே தோட்டத்தில் கூலிக்காரர்கள். டோர்க்கஸ் மட்டும் ஆசிரியை.

“திருட்டுத்தனமா எழுத்து கத்துக்கிட்டேன்னு இந்த மணி தொங்குன கம்பத்துல கட்டித்தானே உன்னை அடிச்சாங்க? மறந்துட்டியா?”

“முதுகு மறக்க விடாதுண்ணே.”

“பின்னே எதுக்கு அந்த ஆள் போட்ட பிச்சையை வாங்கிட்டு வந்தே?”

“நானேதான் போய்க் கேட்டேன். ‘கல்விக்கு என் காணிக்கை’ன்னு பாதிரியார் முன்னால பெருமையா எடுத்துக் கொடுத்தார்.”

“வெட்கமா இல்ல? இது தொங்குற இடத்துல என் கால் படாது!”

“இதுவரைக்கும் மட்டும் பட்டுதா? சாயங்காலம் பெரியவங்களுக்கு வகுப்புன்னு சொல்லி மாசக்கணக்காச்சு. ஒரு தலையும் தெரியல.”

“எப்படி வர்றது? ஒப்பந்தப்படி பொழுது சாயுற வரைக்கும்தான் வேலை. ‘இன்னும் வெளிச்சம் இருக்கு’ன்னு கர்னல் விடமாட்டேங்கிறான். தனியா ஒருத்தன் கிளம்பினா கூலி போச்சு.”

“எல்லாரும் ஒண்ணா கிளம்பினா?”

“யாரு முதல்ல கால் எடுத்து வைக்கிறதாம்?”

மிங்கோ காறித் துப்பிவிட்டுப் போனார்.

மறுநாள் சூரியன் பைன் மரங்களுக்குப் பின்னால் இறங்கியதும் டோர்க்கஸ் கயிற்றைப் பிடித்து இழுத்தாள்.

வயல் முழுக்கக் குனிந்திருந்த முதுகுகள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

பள்ளிக்குள் முதலில் நுழைந்தவர் மிங்கோ. தோளில் பருத்திச் சாக்கு இன்னும் தொங்கியது.

“பாழாப்போன கால் தானா ஓடி வந்துடுச்சு,” என்றார் மூச்சிரைக்க. பிறகு குரலைத் தாழ்த்தி, “எந்த பெஞ்சுல உட்காரணும், டீச்சரம்மா?”

பெஞ்சுகள் நிறைந்து, ஆட்கள் தரையிலும் உட்கார்ந்துகொண்டிருக்கும்போது கர்னலின் குதிரை வாசலில் வந்து நின்றது.

“ஏய் டோர்க்கஸ்! காலையில குழந்தைகளைக் கூப்பிடத்தானே மணி கொடுத்தேன்? இப்ப எதுக்கு அடிச்சே? என் வயல்ல ஒருத்தன் இல்ல!”

டோர்க்கஸ் கதவை மறித்து நின்றாள்.

“இது அடிச்சா ஓடி வரணும்னு சவுக்கை வெச்சுச் சொல்லிக்கொடுத்தது நீங்கதானே, கர்னல்? உங்க மாணவர்கள் ஒருத்தர்கூடப் பாடத்தை மறக்கல.”