பித்தளைக் குடத்தில் ஐந்து எழுத்து

அண்ணன் ராமையா கோடித் துணியோடு எங்கள் லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

புருஷன் செத்தவளுக்குப் பிறந்த வீடு போடும் வெள்ளைத் துணி அது. கெடாவில் எங்கள் சிடாம் கிரித் தோட்டத்தில் ஆணும் பெண்ணும் சாக்கைக் கட்டிக்கொண்டு திரிந்த காலத்தில், நாலு காந்தாங் அரிசியைக் கொடுத்து அதைச் சுங்கை பட்டாணியில் வாங்கியிருந்தார்.

இரண்டு வருஷமாக நான் ஏங்கிய புதுத் துணி, வரக்கூடாத வேளையில் வந்தது.

மறுநாள் கருமாதி. தாலியைக் கழற்ற வேண்டும்.

என் வீட்டுக்காரர் பரஞ்சோதி தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் அள்ளிக்கொண்டு போனதில் அவரும் ஒருவர். அவர் இருந்த முகாமில் வாந்திபேதி வந்து ஒருவரும் மிஞ்சவில்லை என்று ஐந்து மாதத்துக்கு முன் சேதி வந்தது. நான் நம்பவில்லை. நம்பாமலிருக்க ஒரு காரணமும் கிடையாது, பிடிவாதம்தான். இனித் தள்ளக்கூடாது என்று பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள்.

அப்போதுதான் அந்த ஆள் வந்தார். சயாமிலிருந்து தப்பி, பாக்கார் ஆராங்கில் உள்ள வீட்டுக்கு நடந்து போகிறவர். காலெல்லாம் புண். குடிக்கத் தண்ணீர் கேட்டுப் பழைய பால் டின் ஒன்றை நீட்டினார்.

குடத்தைச் சாய்த்தேன். டின்னில் கீறியிருந்ததைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது.

குறுக்காக வைத்த இரண்டு குச்சி. ஒரு கோடு. ஒற்றைக்கால் மேசை. குதிரை லாடம். சாய்ந்த ஏணி.

என் கையிலிருந்த குடத்தின் கழுத்திலும் அதே ஐந்து.

எனக்குத் தமிழே வாசிக்கத் தெரியாது. இந்த ஐந்து எழுத்து மட்டும் தெரியும்.

வெள்ளைக்கார துரை ஊரைவிட்டு ஓடின அன்று, சனமெல்லாம் அவர் பங்களாவில் அரிசி மூட்டையும் கொசுவலையும் அள்ளிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் ஒரு புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். தடிமனில் அம்மிக்கல் தோற்றுப்போகும்.

கிரேக்கர்களின் சொற்கள் எங்கிருந்து வந்தன என்று அதில் போட்டிருந்ததாம். அவர்கள் உடுத்திய சட்டைக்கும் தண்ணீர் மொண்ட குடத்துக்கும் பேர் அவர்கள் ஊரில் பிறந்ததில்லையாம். கடலில் வந்த வியாபாரிகள் சரக்கை இறக்கும்போது பேரையும் சேர்த்து இறக்கிவிட்டார்களாம். எங்களைப் பினாங்கில் இறக்கிவிட்ட மாதிரி.

“சாமான் போற இடத்துக்குப் பேரும் போகும், இராசாத்தி” என்பார். அரிசிப் பானை காலியாகக் கிடக்கும். எனக்கு எரிச்சலாக வரும்.

குழாயடியில் குடம் மாறிப் போகாமலிருக்க எல்லாரும் சீர்ப் பாத்திரத்தில் பேர் வெட்டுவார்கள். என் பேரை வெட்டச் சொன்னேன். மனுஷன் ஆணியும் சுத்தியலுமாக உட்கார்ந்து, குடத்துக்குக் கிரேக்கப் பேரை வெட்டி வைத்தார். லயமே சிரித்தது.

“இது உங்களுக்கு எப்படிக் கிடைச்சது அண்ணே?” என்று வந்தவரைக் கேட்டேன்.

“யாரு கீறினதுன்னு தெரியலை தங்கச்சி. முகாம் முகாமா கை மாறி வந்துச்சு. கெடாவுக்குப் போறவங்க கொண்டு போவணுமாம். தமிழ்ல எழுதியிருந்தா ஜப்பான்காரன் அடிச்சே கொன்னுருப்பான்லா.”

டின்னைத் திருப்பிப் பார்த்தேன். அடியெல்லாம் துரு. எழுத்தில் துரு இல்லை. கீறல் இன்னும் பளபளத்தது; ஐந்து மாதப் பழசில்லை.

அண்ணன் ராமையா எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். “மனசைத் தேத்திக்க, தாயி. அங்க வெள்ளைக்காரக் கைதிங்களும் இருந்தாங்களாம். படிச்சவன் எவனாச்சும் கீறியிருப்பான்.”

“படிச்சவனா இருந்தா டின்னுல டின்னு பேரைத்தானே எழுதியிருப்பான்?” என்றேன்.

அண்ணனுக்குப் புரியவில்லை. எப்படிப் புரியும்? அது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் தெரிந்த விஷயம்.

குடத்தில் பேர் வெட்டி ஒரு வாரம் கழித்து, என் வீட்டுக்காரர் புத்தகத்தோடு வந்து தொங்கிப்போன முகத்தோடு நின்றார். வரி மாறிப் பார்த்துவிட்டாராம். குடத்தில் அவர் வெட்டியது குடத்தின் பேர் இல்லை. உடுப்பின் பேர்.

நான் மூன்று நாள் சிரித்தேன். யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினார். இன்றுவரை சொல்லவில்லை.

தப்பென்று தெரிந்தும், தண்ணீர் குடிக்கிற டின்னில் உடுப்பின் பேரை எழுதி அனுப்ப இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அழுகை அப்போதுதான் வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது.

கொல்லையில் மஞ்சள் பிடுங்கி வந்தேன். அண்ணன் அதை வாங்கி உரலில் இடித்துக் கொடுத்தார்.

குடத்துத் தண்ணீரில் மஞ்சளைக் கரைத்தேன். வெள்ளை மஞ்சளாகட்டும் என்று கோடித் துணியைப் பிரித்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடத்தின் கழுத்து வழியே உள்ளே திணித்தேன்.

இப்போது குடத்தின் பேர் சரியாகத்தான் இருந்தது.