கரையான் அரித்த கட்டில்

மோட்டாரைக் கொட்டகைக்குள் இறக்கி வைத்ததுமே காசிநாதன் கேட்டுவிட்டார்.

"ஏம்மா வளரு, இது பதினஞ்சு எச்.பி. நூத்திப்பத்து கிலோ. ஒங்க வூட்டுக்காரன் வேலைக்குப் போற நாள்ல இத யாரு மேசை மேல வப்பா? ஆளு வர்ற வரைக்கும் என் கரும்பு காஞ்சிக்கினு கெடக்குமா?"

வளர்மதிக்குச் சுருக்கென்றது. எரிந்துபோன மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவது அவள் தொழில். அவள் கட்டிய காயில் மறுபடி எரிந்ததாக வடக்கனந்தல் ஊரில் ஒரு புகார் கிடையாது. ஆனால் இதுவரை அவளிடம் வந்ததெல்லாம் மிக்ஸி, ஃபேன், மிஞ்சிப்போனால் அரை எச்.பி. காசிநாதனிடம் கிணற்று மோட்டார் மட்டும் நான்கு. அவர் கொடுத்தால் ஊரே கொடுக்கும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கணவன் கண்ணாயிரம் முந்திக்கொண்டான்.

"அவளே ஏத்துவாண்ணே. ஏத்தலன்னா எடுத்துக்கினு போயிடு."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்து வேர்க்கடலை உரிக்க ஆரம்பித்தான்.

எதிர்வீட்டு ராணியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. "டேய், கள்ளக்குறிச்சி மார்க்கெட் கமிட்டியில ஊரான் மூட்டையெல்லாம் நூறு நூறு கிலோவா சொமக்கற. பொண்டாட்டிக்கு ஒரு கை குடுத்தா கொறஞ்சா பூடுவ?"

"இன்னிக்கி லீவு யக்கா. முதுகு வலி."

முதுகு வலி என்பது நிஜம். அந்த முதுகை நீட்டவென்றே ஆசையாசையாய் மரம் வாங்கிக் கட்டில் செய்து போட்டிருந்தான். போன வாரம், காசிநாதன் மோட்டார் அனுப்புவதாகச் சொல்லிவிட்ட மறுநாள், அதைக் கரையான் அரித்துவிட்டதென்று அறுத்து, கொட்டகை மூலையில் விறகாகப் போட்டுவிட்டான். "அடுப்புக்கு ஆவும்" என்று அவன் சொன்னபோது, காயில் சுற்றிக்கொண்டிருந்த வளர்மதி தலை நிமிரவில்லை. அன்றிலிருந்து ஐயாவுக்குச் சிமெண்ட் தரைதான்.

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். கடப்பாரையை எடுத்தாள்.

புவியீர்ப்புக்கு ஆண் பெண் வித்தியாசம் தெரியாது. வேடிக்கை பார்க்கிறவர்களுக்குத்தான் தெரியும். பத்துப் பேர் கூடிவிட்டார்கள்.

மோட்டாரின் ஒரு முனைக்கடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள். முனை எழும்பியது. இடைவெளியில் ஒரு செங்கல்லைத் தள்ளினாள். மறுமுனைக்கும் அப்படியே. இரண்டாவது வரிசையில் செங்கல் நறுக்கென்று நொறுங்கியது. மோட்டார் தடாலென்று தரைக்கு வந்தது.

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள்.

காசிநாதன் செல்போனை எடுத்தார். "வுடும்மா. வண்டியக் கூப்புடறேன்."

"செங்கல்லு தாங்குமா?" நாற்காலியிலிருந்து குரல் வந்தது. "மூலையில அவ்ளோ விறகு கெடக்குது, கண்ணு தெரில?"

அந்தக் குரலுக்காகவே மோட்டாரை ஏற்றிவிடுவது என்று வளர்மதி பல்லைக் கடித்தாள்.

"ஒரு அரை மணி நேரம் இருங்கண்ணா" என்று காசிநாதனிடம் சொல்லிவிட்டு, மூலையிலிருந்து கட்டைகளை அள்ளி வந்தாள்.

இந்த முனையில் நெம்பி ஒரு கட்டை. அந்த முனையில் நெம்பி ஒரு கட்டை. அடுத்த வரிசை குறுக்கே. மோட்டார் உயர உயர, கடப்பாரைக்கு அண்டை கொடுத்த கல்லையும் உயர்த்திக்கொண்டே போனாள். மூன்று வரிசை. ஐந்து வரிசை. மோட்டார் ஒரு நூல்கூடச் சாயவில்லை.

ஏழாவது வரிசையில் சிரிப்பு நின்றது. ஒன்பதாவது வரிசையில் ராணியம்மாள் மூச்சு விடுவதையே நிறுத்தியிருந்தாள்.

பத்தாவது வரிசை மேசைக்குச் சமமாக வந்து நின்றது. மோட்டாருக்கடியில் இரண்டு இரும்புக் குழாயைச் செருகி, இரண்டு கையாலும் தள்ளினாள்.

தேர் நிலைக்கு வருவதுபோல மோட்டார் உருண்டு மேசைமேல் போய் உட்கார்ந்தது.

விசில் பறந்தது. காசிநாதன் செல்போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். "மீதி மூணையும் நாளைக்கே அனுப்பறேம்மா. இனிமே இன்னாத்துக்கு டவுனு?"

வளர்மதி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலியைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தாள். நாற்காலி காலி. கடலைத் தோல்தான் கிடந்தது.

"கல்லு மனசுக்காரன்" என்றாள் ராணியம்மாள், கட்டைகளைப் பிரிக்க உதவிக்கொண்டே. "நீ ஜெயிச்சதக்கூட நின்னு பாக்கல பாரு. பூட்டான்."

வளர்மதி கையிலிருந்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இன்னொன்றை வைத்தாள். இன்னொன்றையும். மூன்றும் ஒரே நீளம், ஒரே கனம். இருபது கட்டையும் அப்படித்தான். சிலாம்பு கையில் குத்தாதபடி ஓரமெல்லாம் அரம் போட்டிருந்தது. அடுப்புக்குப் போகிற விறகுக்கு யார் அரம் போடுவார்கள்?

"யக்கா, இதுல எங்கியாவது கரையான் அரிச்சிருக்குதா பாருங்க."

ராணியம்மாள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கல்வராயன் மலையில் பிறந்தவள். மரத்தைக் கண்ணால் பார்த்தே பெயர் சொல்லுவாள்.

"கரையானா? இது வைரம் பாஞ்ச வேங்கைடீ. இதுல வாய வச்சா கரையானுக்குத்தான் பல்லு போவும். யாரு சொன்னா?"

வளர்மதி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள்.

வெறும் சிமெண்ட் தரையில் பாயை விரித்து, மீந்துபோன இருபத்தோராவது கட்டையைத் தலைக்கு வைத்து, கல்லு மனசுக்காரன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.