அப்பாவின் விரல்கள்

"இப்பத்தான் அம்மணி, அஞ்சு நிமிசம் ஆவுது. கடைசி வரைக்கும் உன்ற பேரைத்தான் சொல்லீட்டிருந்தாரு."

அண்ணன் மனைவி ராசாத்தாள் வாசலிலேயே கட்டிக்கொண்டு அழுதாள்.

வெங்கடலட்சுமிக்கு அழுகை வரவில்லை. தோளில் கிடந்த பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி மூன்றரை.

காலையில் ஒன்பதுக்கே அவள் பாடம் நடத்தும் கல்லூரிக்கு போன் வந்துவிட்டது. அப்பாவுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே பல்லடம் கிளம்பி வரவும். அன்றைக்குப் பார்த்தா விலங்கியல் செய்முறைத் தேர்வு வரவேண்டும்! வெளியூரிலிருந்து தேர்வாளர் வேறு வந்து உட்கார்ந்திருந்தார். முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லச் சொல்லிவிட்டு, பிள்ளைகளைக் கேள்வி கேட்கப் போய்விட்டாள் மகராசி. ஒன்றரை மணிவரைக்கும் கேட்டாள்.

இறுகிய தசை எப்படித் தளர்கிறது?

அப்பாவின் கையை எடுத்தாள். விரல்கள் மடங்கியிருந்தன. மெல்லப் பிரித்துப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். ம்ஹூம், அசையவில்லை.

பதில் அவளுக்கு மனப்பாடம். தசைக்குள் ஒரு புரதம் இன்னொன்றைப் பிடித்து இழுத்தால் இறுக்கம். கண்டபடி பிடித்துவிடாமல் மூன்றாவது ஒன்று குறுக்கே காவல் கிடக்கும். கால்சியம் வந்தால்தான் விலகி வழிவிடும். பிடித்ததை விடுவதற்கும் உடம்பில் சக்தி வேண்டும். உயிர் போனபின் அந்தச் சக்தி தீர்ந்துபோகும், பிடித்தது பிடித்தபடியே நின்றுவிடும்.

ஆனால் அஞ்சு நிமிசத்தில் அல்ல. இந்தச் சித்திரை வெயிலிலும் விரல் இப்படி விறைக்க நாலு மணி நேரம் ஆகும்.

அப்படியானால் பதினொன்றரை. போன் வந்ததும் பஸ் ஏறியிருந்தால் பதினொன்றுக்கு வந்திருப்பாள்.

அரை மணி நேரம் அப்பா இருந்திருப்பார். அடிப் பாவி, அடிப் பாவி என்று மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மடங்கிய விரல்களுக்குள் தன் கையை மெல்ல நுழைத்துக்கொண்டாள்.

சத்தியமங்கலத்திலிருந்து வந்து இறங்கிய ஐயாசாமி மாமா, உயிர் இருக்கும்போதே பார்த்துவிட்டாயா என்று கேட்டார். பக்கத்தில் நின்ற ராசாத்தாள் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

வெங்கடலட்சுமி அவளை ஒருமுறை பார்த்தாள். பிறகு மாமாவிடம் சொன்னாள்.

"பாத்துப்போட்டனுங்க மாமா. பாருங்க, புடிச்ச கைய இன்னும் உடலீங்க."