நீலக் கதவு வீட்டு நடமாட்டம்

“நடக்கிற சத்தம் மட்டும்தானா? இல்ல, யாராவது கண்ணால பார்த்திருக்காங்களா?”

கேட்டவர் தடித்த கண்ணாடி போட்ட மனிதர். வாடகை ஹெல்மெட் அவர் நெற்றிவரை இறங்கியிருந்தது. சந்துக்குள் சைக்கிளை நிறுத்தி நின்ற கூட்டத்தில் அவர் ஒருவர்தான் கொட்டாவி விடாமல், கண் இமைக்காமல் கதை கேட்டவர்.

கதை சொன்ன கப்சா ஹெல்மெட் வாரை இழுத்துச் சரிசெய்துகொண்டான். சைக்கிள் சுற்றுலா நிறுவனத்தில் கூட வேலை பார்ப்பவர்கள் அவனுக்கு வைத்த பெயர் அது. பழைய நகரத்துச் சந்துகளிலிருந்து புதுப்பித்த துறைமுகம்வரை ஆட்களைச் சைக்கிளில் கூட்டிப்போய், வழி நெடுக வரலாறு சொல்வது அவன் வேலை. வரலாறு தீர்ந்துபோன இடங்களில் அவனே கொஞ்சம் போட்டு நிரப்புவான்.

காலையில்தான் மேனேஜரம்மா கூப்பிட்டுச் சொல்லியிருந்தார். “இன்னும் ஒரு புகார் வரட்டும். மறுபடியும் ஷெட்டுல உக்காந்து பஞ்சர் ஒட்டு. அங்க நீ எவ்வளவு பொய் சொன்னாலும் டியூபுக்குக் காது கிடையாது.”

அப்படியும் வாய் சும்மா இருந்ததா? இந்த நீலக் கதவைப் பார்த்ததும், பழக்கதோஷத்தில், கப்பல் கேப்டனின் மூன்றாவது மனைவி தானாக வந்துவிட்டாள். செத்த பிறகும் ராத்திரியெல்லாம் மாடியில் நடப்பவள். அவளுக்கு உயிர் கொடுத்ததும் கப்சாதான், எடுத்ததும் அவன்தான்.

“சத்தம்தான் சார்... பார்த்ததா யாரும்...” என்று இழுத்தான்.

“யாரும் பார்க்கலையா?” கண்ணாடிக்காரர் முகம் வாடியது. “அதெப்படி?”

“பேய் சார் அது” என்றாள் கூட்டத்தில் இருந்த கல்லூரிப் பெண். “பஸ் ஸ்டாப்புல நிக்கிற மாதிரி வந்து நிக்குமா?”

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

கப்சா மணியை அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினான். ‘பழமை மாறாமல் பாதுகாக்கப்பட்ட பகுதி’ என்று பலகை வைத்திருந்த தெரு. சாக்கடையும் பழமை மாறாமல் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் மூச்சிரைக்க மிதித்துப் பக்கத்தில் வந்து சேர்ந்தார்.

“தம்பி, இந்தக் கதையை எல்லா டிரிப்புலயும் சொல்றீங்களா?”

“எப்பவாவது சார்.”

“கேக்கிறவங்க நம்புறாங்களா?”

கப்சா வேகமாக மிதித்தான். போலீஸ்காரன்கூட இப்படிக் குடைய மாட்டான். அலுவலகம் அனுப்பிய ஆளேதான். சந்தேகமே இல்லை.

துறைமுகம் வந்தது. கப்பலைத் தவிர எல்லாம் வந்துபோகும் துறைமுகம். வெங்காய மூட்டை அடுக்கியிருந்த கிடங்கில் இப்போது காபிக் கடை. வெங்காயம் இல்லாமலே கண்ணில் நீர் வரவழைக்கும் விலை. பாரம் தூக்கிய பழைய கிரேனுக்கு ரோஜா நிறம் அடித்து, படம் எடுத்துக்கொள்ள நிறுத்தியிருந்தார்கள்.

இனி உண்மையைத் தவிர வேறு பேசுவதில்லை என்று கப்சா முடிவு செய்திருந்தான்.

“இது கிரேன்” என்றான். “பாரம் தூக்கும்.”

எல்லோரும் காத்திருந்தார்கள்.

“அவ்வளவுதானா?” என்றாள் கல்லூரிப் பெண். “இதுல யாரும் சாகலையா?”

கூட்டம் படம் எடுக்கக் கலைந்தது. கண்ணாடிக்காரர் அவனைத் தண்ணீர் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் கப்சா முந்திக்கொண்டான்.

“சார், ஒத்துக்கிறேன். கேப்டனும் இல்ல, அவன் சம்சாரமும் இல்ல. எல்லாம் என் வாய்க்கொழுப்பு. புகார் மட்டும் குடுத்துடாதீங்க. பஞ்சர் ஷெட்டுல குனிஞ்சு குனிஞ்சே என் முதுகு போயிடுச்சு. இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு, அது பொய்னு சொல்லிடறேன்.”

அவன் திரும்பியபோது அவர் கை அவன் சைக்கிள் ஹேண்டில்பாரை இறுக்கிப் பிடித்தது.

“அந்த நீலக் கதவு வீடு என் வீடு” என்றார்.

கீழே, தண்ணீர் படிக்கட்டை மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டின் கரிய சுவரும் ரப்பர் பசை வாடையும் அவன் நினைவில் வந்து நின்றன.

“பொய்னு மட்டும் சொல்லித் தொலைச்சிடாதீங்க, தம்பி” என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. “வருஷக்கணக்கா எங்க வீட்டுல டேரா போட்டிருந்த என் மச்சினன், போன வாரம் பொழுது போகலன்னு உங்க சைக்கிள் டிரிப்புக்கு வந்தான். அன்னைக்கு ராத்திரியே குடும்பத்தோட பெட்டியைக் கட்டிட்டான். இன்னும் என் வீட்டுக்காரியோட பெரியப்பா ஒருத்தர்தான் பாக்கி. அவர் படுக்கும்போது காது மிஷினைக் கழட்டி வச்சிடுவார். அடுத்த வாரம் பின் சீட்டுல வச்சாவது அவரைக் கூட்டிட்டு வர்றேன், அந்தம்மாவைக் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியற மாதிரி பண்ணிடுங்க.”