வேர்க்கொம்பு கூடிய கோப்பி

பவிதரன் சமையலறையிலிருந்து திரும்பியபோது, ஜவுபர் அந்தக் கோப்பையில் பாதியைக் குடித்திருந்தார்.

அது கோப்பியன்று.

நோர்வேயிலிருந்து பவிதரன் கொண்டுவந்த கறுத்த பியர்; வறுத்த கோப்பிக்கொட்டை சேர்த்து வடித்தது. மார்கழி மழை மூன்றாம் நாளாகப் பெரியநீலாவணை ஊரை நனைத்துக்கொண்டிருந்தது. தம் அக்காவின் வீட்டு முன்மண்டபத்தில் பவிதரன் தனியே அமர்ந்து, அதைக் கோப்பையில் ஊற்றி, குளிருக்கு இதமாக ஒரு மிடறு சுவைத்தார். கரிந்த கசப்பு, அதன் அடியில் கோப்பி மணம், அதற்கும் அடியில், மறைக்க முடியாத மதுவாடை.

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. போத்தலைத் திரைச்சீலைக்குப் பின்னால் தள்ளிவிட்டு, நண்பர் ஜவுபருக்குக் கோப்பி போடும்படி அக்காவிடம் சொல்ல உள்ளே விரைந்தார். கோப்பையை மறந்துபோனார்.

தமக்காக வைத்தது என்று ஜவுபர் எண்ணியிருக்கிறார். சீனி வருத்தம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சீனியும் பாலும் இல்லாத வெறுங்கோப்பிதான்.

"நம்மட தூள்தான் மச்சான், வாசமே சொல்லுது. வேர்க்கொம்புதான் கொஞ்சம் கூடிட்டு, நாக்கில ஏறுது."

நாக்கில் ஏறியது வேர்க்கொம்பு என்ற அந்தச் சுக்கின் காரமன்று. பியரின் நுரைப்பு இன்னும் முழுதாக அடங்கியிருக்கவில்லை.

கேலி செய்கிறார் என்றே பவிதரன் முதலில் நினைத்தார். ஜவுபரின் முகத்தில் கேலி இல்லை.

கல்முனைக் கடைத்தெருவில் கோப்பி வறுத்து விற்கும் ஜவுபர், ஒரு கொட்டையை நசுக்கி மோந்தே அதன் வயதைச் சொல்பவர். ஊர் அவருடைய தூளை வாங்கவில்லை, மூக்கை வாங்கியது.

முந்தாநாள்கூடப் பவிதரன் அந்தக் கடையில் நின்றார். வறுக்கும் சட்டியருகே நின்ற ஜவுபரின் மகள் அஸ்னா புகையில் இருமினாள். ஜவுபர் சட்டியை இறக்கினார். பக்குவம் இம்மியும் பிசகவில்லை. அடுத்த சட்டிக்கும் அப்படியே. பிள்ளையைப் புகையில் நிறுத்துவதா என்று பவிதரன் கடிந்துகொண்டபோது, அஸ்னா சட்டியை இன்னும் நெருங்கி நின்றாள்.

இப்போது பவிதரன் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னால், வாழ்நாளில் தொடாததைத் தொட்டுவிட்டாய் என்பதோடு, உன் மூக்குச் செத்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொன்னதாகும். சொல்லாவிட்டால், மீதிப் பாதியும் உள்ளே போகும்.

ஆறிவிட்டது, வேறு வருகிறது என்று சொல்லிக் கோப்பைக்குக் கை நீட்டினார். ஆறினாலும் வீணாக்குவது பாவம் என்று ஜவுபர் அதைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். உதடுவரை உயர்த்தினார்.

தந்தையை வாசலில் இறக்கிவிட்டு, ஸ்கூட்டரை மழைபடாத இடத்தில் நிறுத்திவிட்டு, நனைந்த மழைக்கோட்டைக் கழற்றியபடி அஸ்னா உள்ளே வந்தாள். எதையோ மோந்து நிலைப்படியிலேயே நின்றாள். அவள் பார்வை கோப்பைக்குப் போயிற்று.

இருமினாள்.

பெரிய இருமலன்று, தொண்டையைச் செருமியது போன்ற ஒன்று. அந்த வீட்டில் புகை இருக்கவில்லை.

ஜவுபரின் கை அப்படியே நின்றது.

கோப்பையை மேசையில் வைத்தார். அதில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை, பவிதரனையும் பார்க்கவில்லை. எழுந்து மழைக்குள் நடந்து, முற்றத்துக் குழாயடியில் வாய் கொப்பளித்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் வுழூவில் செய்வதுபோல் மூன்று முறை. சற்று நின்று, நான்காவது முறையும்.

அவர் திரும்பி வந்து அமர்ந்தபோது, அக்கா ஆவி பறக்கும் கோப்பியை வைத்துவிட்டுப் போயிருந்தார். ஜவுபருடைய தூளில் போட்ட கோப்பி.

ஜவுபர் அதை எடுத்து மூக்கருகே பிடித்தார். நெடுநேரம் பிடித்திருந்தார். மோந்து பார்க்கவில்லை, காத்திருந்தார்.

அஸ்னா இருமவில்லை.

அதன் பின்னரே குடித்தார்.