இரண்டாவது 'இல்லை'

மூன்றாவது முறையும் சோதனைக்கூடத்திலிருந்து ரத்த மாதிரிக் குழாய் திரும்பி வந்துவிட்டது.

"இந்தத் தடவை என்ன குறையாம்?" என்று கேட்டார் பூங்காத் தொழிலாளர் சங்கச் செயலாளர்.

"தேதியை நீல மையில எழுதியிருக்காம் அண்ணா. கருப்புலதான் எழுதணுமாம்" என்றாள் தங்கை.

முதல் முறை லேபிள் கோணல். இரண்டாம் முறை ரத்தம் கோட்டுக்கு ஒரு நூல் கீழே.

கட்டிலில் கிடந்த தங்கையின் கணவர் சிரித்தார். வாயின் இடது பாதி மட்டும் சிரித்தது.

பூங்காவில் தோட்டக்காரர். இரண்டு மாதம் முன்பு தொடையில் உண்ணி கடித்தது. பிறகு முகத்தின் வலது பக்கம் தொங்கியது. இப்போது முதுகில் கிளம்பும் எரிச்சல் கால் வரை ஓடி, நிற்க விடுவதில்லை.

உண்ணி கடித்தால் வரும் லைம் நோய் நரம்பில் ஏறியிருக்கலாம் என்று வார்டு டாக்டருக்குச் சந்தேகம். முதல் ரத்தச் சோதனையில் 'இல்லை' என்று வந்தது. உறுதி செய்ய இரண்டாவது சோதனை. அதைத்தான் சோதனைக்கூடத்து அம்மாள் செய்ய மாட்டேன் என்கிறார். மாதக் கடைசிக்குள் எழுந்து நடக்காவிட்டால், வேலைக்கு லாயக்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

"விடுங்க மச்சான், ஒரு கருப்புப் பேனா வாங்கிக் குடுத்துடுவோம்" என்றார் தோட்டக்காரர், பாதி வாயால்.

"நீ சும்மா படு மாப்ளே. முப்பது வருஷமா எத்தனை அதிகாரிங்களை நாற்காலியை விட்டு இறக்கியிருக்கேன். இந்த அம்மா எம்மாத்திரம்!"

சோதனைக்கூட ஜன்னலில் அந்த அம்மாள் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

"விதி பன்னிரண்டு. கருப்பு மை."

"மனுஷன் செத்துப் போனா அதையும் கருப்பு மையிலதான் எழுதுவீங்களா?"

"இறப்புச் சான்றிதழ் பக்கத்து ஜன்னல்."

வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். செயலாளருக்குக் கூட்டம் கிடைத்துவிட்டது. குரலை உயர்த்தினார்.

"உங்களைச் சும்மா விடமாட்டேன்!"

"புகாரா? படிவம் இந்தாங்க. மூணு பிரதி. ஒண்ணு நரம்புத் துறைத் தலைவருக்கு நேரா போகணும். நோயாளி வழக்கமா எடுத்துக்கிற மருந்துப் பட்டியலை இணைக்கணும். என் பேரை எழுத்துப்பிழை இல்லாம எழுதுங்க."

"எவ்வளவு திமிர் பார்த்தீங்களா?" என்றார் அவர் வரிசையிடம். வரிசை ஆமோதித்தது.

புகார் நான்கு பக்கம் வந்தது. மருந்துப் பட்டியல் ஐந்தாவது பக்கம். மறுநாள் காலை வாசலில் நாற்பது பேர் நின்று, அந்த அம்மாளின் பெயரைச் சொல்லி 'ஒழிக' கோஷம் போட்டார்கள்.

சத்தம் மூன்றாவது மாடி வரை போனது. வார்டுப் பக்கமே வராத நரம்புத் துறைத் தலைவர், புகாரைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு கோபமாக இறங்கி வந்தார். கட்டிலருகே நின்று வேகமாகப் புரட்டியவர், ஐந்தாவது பக்கத்தில் நின்றார்.

"மூட்டு வாதத்துக்கு இந்த ஊசி போட்டுக்கிறாரா?"

"ஆறு மாசத்துக்கு ஒண்ணு சார். ரெண்டு வருஷமா" என்றாள் தங்கை.

தலைவர் வார்டு டாக்டரைப் பார்த்தார். வார்டு டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார்.

"கிருமியை எதிர்க்க உடம்பு தயாரிக்கிற பொருளைத்தான் அந்தச் சோதனை ரத்தத்துல தேடும். அதைத் தயாரிக்கிற அணுக்களையே இந்த ஊசி காலி பண்ணிடும். அப்புறம் நூறு தடவை பார்த்தாலும் 'இல்லை'ன்னு வரலாம். முதுகுத் தண்டுல நீர் எடுங்க. கிருமியோட சுவட்டையே தேடச் சொல்லுங்க."

எடுத்தார்கள். இருந்தது.

மூன்று வாரம் ரத்த நாளம் வழியாக மருந்து ஏறியது. மாதக் கடைசிக்கு இரண்டு நாள் முன்பு தோட்டக்காரர் தடியூன்றி நடந்து போய்ப் பூங்கா வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார். சங்கம் துண்டறிக்கை அடித்தது: 'போராட்டம் வென்றது! இரக்கமற்ற ஊழியர் தூக்கியெறியப்பட்டார்!' சோதனைக்கூடத்து அம்மாளைப் பதிவறைக்கு மாற்றியிருந்தார்கள்.

சிகிச்சைச் சான்றின் நகல் வாங்கச் செயலாளர் பதிவறைக்குப் போனார். அங்கே அதே அம்மாள் அதே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் மைத்துனரின் ஃபைல். ரத்தக் குழாயோடு திருப்பி அனுப்பிய மூன்று சோதனைச் சீட்டுகளும் மேலாக இருந்தன. மூன்றிலும் நோயாளியின் மருந்துகளுக்கு நடுவே அந்த ஊசியின் பெயரைச் சுற்றிப் பென்சிலில் வட்டம்.

செயலாளர் நின்றபடியே மூன்றையும் படித்தார்.

"அப்போ... முதல் நாளே தெரியுமா?"

"சோதிச்சிருந்தா ரெண்டாவது 'இல்லை' வந்திருக்கும். ரெண்டு 'இல்லை' வந்தா ஃபைலை மூடிடணும். அதுவும் விதி."

"டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அம்மா?"

"போன வருஷம் இப்படி ஒருத்தருக்கு ரிப்போர்ட்டுல ஒரு வரி எழுதினேன். சோதனை செய்யறவங்க கருத்துச் சொல்லக் கூடாதுன்னு மெமோ. அவர் பிழைக்கலை. திருப்பி அனுப்பக் கூடாதுன்னு மட்டும் எந்த விதியும் இல்லை."

செயலாளர் சட்டைப் பையிலிருந்த துண்டறிக்கையை உள்ளே தள்ளிக்கொண்டார்.

"நோட்டீஸை மாத்தி அடிக்கிறேன். உங்களைத் திரும்ப அங்கேயே கொண்டுவரப் போராடுறேன்."

"வேண்டாம். மூடின ஃபைல் எல்லாம் இங்கதான் வருது" என்று அந்த அம்மாள் நான்கு ஃபைல்களை அவர் பக்கம் நகர்த்தினார். "இவங்களும் அதே ஊசிதான். ரெண்டு 'இல்லை'. உங்க ஆளுங்களை விட்டு ஆளுக்கொரு புகார் எழுதச் சொல்லுங்க. அஞ்சாவது பக்கம் மருந்துப் பட்டியல். முதல் நாலு பக்கமும் என்னைத் திட்டணும். அப்பத்தான் மேலே இருக்கிறவங்க படிக்கிறாங்க."